புதுப்பிப்பு: கெண்டைக்கால் பிடிப்பு போய்விட்டது, ஓட்டம் தொடர்கிறது

ஓட ஆரம்பித்தால் சில வாரத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பயிற்சி நின்றுபோகிறது, என்ன செய்யலாம் என்று மே மாதம் கேட்டிருந்தேன். "வேகத்தைக் குறைங்க" என்றுதான் பலரும் சொன்னீர்கள். அப்படியே செய்தேன், பலன் தெரிகிறது.

இப்போது பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில், கூட ஓடும் நண்பரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம்தான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும், எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். காயம் வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டிவிடக் கூடாது.

அப்புறம், சென்னைப் புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை சரியாக ஆவியாகாது, உடல் சூடு தணியாது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு ஏறிவிடும். அந்த நாட்களில் நான் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை.

மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியைச் சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. ஓட முடியாத நாளில் அதை மட்டுமாவது செய்துவிடுகிறேன்.

ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். அரை மாரத்தானின் 21.1 பற்றி அதற்கப்புறம் பார்க்கலாம்.