யங் ஃப்ராங்கன்ஸ்டைன்: பழைய ஃப்ராங்கன்ஸ்டைன் பேய்ப்படங்கள நக்கல் பண்ண இந்தப் படத்த முதல்ல பாத்துட்டு ஒரிஜினல அப்புறம் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

நான் பாத்த வரிசையே தப்புங்க. 2007ல அமெரிக்காவுல படிச்சிட்டிருந்தப்ப ஒரு ராத்திரி, வெளிய கால் வைக்க முடியாத அளவு பனி, கூட தங்கியிருந்த அண்ணன் ஒருத்தர் லைப்ரரிலருந்து ஒரு டிவிடி எடுத்துட்டு வந்து "பழைய பேய்ப்படம்டா, தைரியம் இருந்தா பாரு"ன்னு சொல்லி லைட்டையும் அணைச்சுட்டாரு. நானும் நம்பிட்டேன். நம்பாம என்ன பண்றது, ப்ளாக் அண்ட் ஒயிட்ல இடி மின்னல், மலை மேல கோட்டை, எங்கயோ மணி அடிக்குது, ஒரு வயலின் இழுத்து இழுத்து அழுவுது, கேமரா மெதுவா சவப்பெட்டிகிட்ட போவுது. தொறந்தா எலும்புக்கூடு, கையில ஒரு சின்னப் பெட்டி. யாரோ ஒருத்தர் அதப் புடிச்சு இழுக்க, பொணம் வெடுக்குனு திருப்பி இழுத்துக்குது. நான் போர்வைய மூக்கு வரைக்கும் ஏத்திக்கிட்டேன். பக்கத்துல அண்ணன் குலுங்குறாரு, சரி அவருக்கும் பயம்தான் போலன்னு நெனச்சேன்.

அப்புறம் காலேஜ் க்ளாஸ். ஜீன் வைல்டர் ப்ரொஃபசர். பொணத்துக்கு உயிர் குடுத்து பூதத்த உண்டாக்குன தாத்தா ஃப்ராங்கன்ஸ்டைன் பேர எடுத்தாலே கோவம், என் பேர அப்படிச் சொல்லாதே 'ஃப்ரான்கன்ஸ்டீன்'னு சொல்லுன்னு திருத்துறாரு. ஒரு ஸ்டூடன்ட் விடாம நோண்ட, இவரு கையில கத்தி இருக்கறத மறந்து ஆவேசமா ஓங்கி தன் தொடையிலயே சதக்குனு குத்திக்கிறாரு. கத்தல, ஒரு சத்தம் இல்ல. கால் மேல கால் போட்டு கத்திய மறைச்சுக்கிட்டு க்ளாஸ் முடிஞ்சுதுங்கறாரு. அங்கதான் எனக்கு விளங்குச்சு, அண்ணன் இவ்ளோ நேரம் என்னைப் பாத்து சிரிச்சிட்டிருந்தாருன்னு.

மெல் ப்ரூக்ஸ் டைரக்ஷன், வைல்டரும் அவரும் சேந்து எழுதுனது, 1974 டிசம்பர் ரிலீஸ். எல்லாரும் கலர்ல எடுக்கற காலத்துல ப்ளாக் அண்ட் ஒயிட்தான்னு அடம் புடிச்சதால கொலம்பியா ஸ்டுடியோ கைவிட்டுருச்சு, ஃபாக்ஸ் எடுத்துக்கிச்சு.

விஷயம் இனிமேதான். இதப் பாத்துட்டுதான் 1931, 35, 39ல வந்த ஒரிஜினல்கள ஒவ்வொண்ணா தேடிப் பாத்தேன். நக்கல் படத்துல ஒரு மரக்கை இன்ஸ்பெக்டர் வருவாரு, டார்ட் விளையாடும்போது அம்ப எல்லாம் தன் மரக்கையிலயே வரிசையா குத்தி வச்சுக்குவாரு. என்னா கற்பனைன்னு வியந்திருந்தேன். 1939 படம் 'சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்'ல பாத்தா அதே மரக்கை, அதே டார்ட், அங்கயும் கையிலதான் குத்தி வச்சிருக்காரு, ஆனா சீரியஸா! பரம சீரியஸா! அந்த மனுஷன் கைய இழந்த சோகக் கதைய சொல்றாரு, நான் தலகாணிய வாயில வச்சு அமுக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்கு வரைக்கும் அந்த மூணு படத்தையும் பயந்து பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. உங்க அனுபவத்தையும் போடுங்க.

* * *

நான் டொரன்டோவில இருக்கிறன். எங்கட அப்பாவுக்கு பகிடிப் படங்கள் எண்டால் அவ்வளவு சரிவராது, அதுவும் இங்கிலிஷ் பகிடி எண்டால் எழும்பிப் போயிடுவார். ஒருநாள் டிவியில இந்தப் படம் போச்சுது, பழைய படமெண்டு நினைச்சு தேத்தண்ணியோட வந்து இருந்தவர். அந்தக் கண் தெரியாத கிழவர் வாற இடம். பூதம் பசியோட கோப்பையை நீட்டுது, கிழவர் பாசமாக் கதைச்சுக் கதைச்சு கொதிக்கிற சூப்பை அதின்ர மடியில ஊத்துறார். பிறகு சந்தோசமா குவளையை முட்டி உடைக்கிறார், குடிக்க ஒரு சொட்டும் இல்லை. கடைசியா சுருட்டுக்குப் பதிலா பெருவிரலில நெருப்பு வைக்கிறார். அப்பா சிரிச்ச சிரிப்பில தேத்தண்ணி மூக்கால வந்திட்டுது. அம்மா குசினிக்குள்ள இருந்து என்னவோ ஏதோ எண்டு ஓடி வந்தவ.

அந்தக் கிழவரா நடிச்சது, சீரியஸ் படங்களில பேர் எடுத்த ஜீன் ஹாக்மன் எண்டு சொன்னா அப்பா கனநாளா நம்பேல்லை. 2025ல ஹாக்மன் செத்த செய்தி வந்தவுடன எனக்கு ஃபோன் எடுத்தவர், ஹலோவும் சொல்லேல்லை, "பிள்ளை, சூப் ஊத்தின மனுசன் போயிட்டாராம்" எண்டார்.

* * *

எனக்கு தியேட்டர் அனுபவம். சிகாகோ பக்கம் அக்டோபர் மாசம் ஒரு ஸ்பெஷல் ஷோ போட்டாங்க, ஆபீஸ் ஆளுங்களோட போனேன், படத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. 'ஃப்ராவ் ப்ளூக்கர்'னு ஒரு கோட்டைக்கார அம்மா, அவங்க பேர யாரு சொன்னாலும் வெளிய குதிரைங்க மிரண்டு கனைக்கும். ரெண்டாவது தடவையிலருந்து தியேட்டர்ல முந்நூறு பேரும் சேந்து கனைக்கிறாங்க! எனக்கு முன் சீட்ல கோட்டு போட்ட தாத்தா ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், கழுத்த பின்னால சாய்ச்சு அசல் குதிரை மாதிரியே கனைச்சாரு. நாலாவது தடவை நானும் கனைச்சேன், என் மேனேஜர் திரும்பிப் பாத்தாரு, பரவால்ல. ப்ளூக்கர்னா ஜெர்மன்ல பசைன்னு அர்த்தம், குதிரையக் கொன்னுதான் பசை காச்சுவாங்க, அதான் மிரளுதுங்கன்னு ஒரு கதை சுத்துது. எங்க டீம்ல இருந்த ஜெர்மன்காரி அப்பவே சொல்லிட்டா, சும்மா கதை, பசைக்கு அங்க 'லைம்'னு பேரு.

ஒண்ணே ஒண்ணு எனக்கு இடிக்குது, அந்தக் குகை சீன். பூதம் ஹீரோவோட காதலிய தூக்கிட்டுப் போறதும் அதுக்கப்புறம் நடக்கறதும் இன்னிக்குப் பாத்தா சிரிப்பு வரல, நெளிஞ்சுட்டு உக்காந்திருந்தேன். காதலியா வர்ற மாடலின் கான் எவ்ளோ நல்லா பண்ணிருந்தாலும்.

* * *

முதல் போஸ்ட் எழுதினவன்தான் திரும்ப வந்திருக்கேன். குகை சீன் பத்தி சொன்னது சரி, நானும் இப்ப அத ஓட்டிவிட்டுருவேன்.

லேப் மெஷின் பத்தி யாரும் பேசலையே? அந்தத் தீப்பொறி பறக்கற சாமானெல்லாம் செட்டுக்காக புதுசா செஞ்சதில்ல. 1931 படத்துக்கு கெனத் ஸ்ட்ரிக்ஃபேடன்னு ஒருத்தர் செஞ்சது, நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அவரு கராஜ்ல இருந்திருக்கு. ப்ரூக்ஸ் தேடிப் போயி அதையே வாடகைக்கு எடுத்துட்டு வந்து வச்சு, அப்பக் குடுக்காத டைட்டில் கார்டையும் அவருக்குக் குடுத்தாரு. நான் முதல் நாள் ராத்திரி ஏமாந்ததுல தப்பே இல்லங்கறேன், நான் பாத்து பயந்தது அசல் மெஷின்!

போன மாசம் என் பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன், ஒம்பது வயசு. (குகை வரும்போது பாப்கார்ன் எடுத்துட்டு வாம்மான்னு அனுப்பிட்டேன்.) பூதம் கோட்டு, தொப்பி போட்டு டான்ஸ் ஆடறதுக்குதான் விழுந்து விழுந்து சிரிப்பான்னு பாத்தேன், ப்ரூக்ஸே அந்த டான்ஸ் வேணாம்னு சண்டை போட்டு வைல்டர் கெஞ்சி வச்ச சீன் அது. சிரிச்சா, ஆனா ரொம்ப இல்ல. அதுக்கு முன்னாடியே பாதியில எழுந்து டிவிகிட்ட போயி நின்னுட்டா. "அப்பா, அந்த முட்டைக்கண்ணு மாமாவுக்கு கூன் அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

அந்தக் கூன் முதுகு வேலைக்காரனா நடிச்ச மார்ட்டி ஃபெல்ட்மன் ஷூட்டிங்ல யார்கிட்டயும் சொல்லாம கூன தினம் பக்கம் மாத்தி மாத்தி வச்சுட்டே இருந்தாராம், யாராச்சும் கண்டுபிடிக்கறாங்களான்னு பாக்க. எனக்கு அது மூணாவது தடவை பாக்கறப்பதான் தட்டுப்பட்டுச்சு. ஒண்ணும் சொல்லாம ரிமோட்ட அவகிட்டயே குடுத்தேன், பின்னாடி ஓட்டிப் பாத்துட்டிருக்கா.