கன்னக் கொழுப்பு நீக்கம்: செய்துகொண்டவர்களும் செய்யாமல் திரும்பியவர்களும்

முதல் பகிர்வு

24 வயதில் என் இரு கன்னங்களிலிருந்தும் கொழுப்பை எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு 35 வயது. இந்தப் பதினோரு ஆண்டுகளில் அந்த அறுவை சிகிச்சைக்காக நான் மகிழ்ந்தும் இருக்கிறேன், தனியே உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்தே எனக்கு ஒல்லியான உடம்பு, முகம் மட்டும் உருண்டை. கன்னத்தைக் கிள்ளாத உறவினர்களே கிடையாது. வேலைக்குப் போன பிறகும் ‘இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியே இருக்கிறாயே’ என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைய நாள் முழுவதும் மனம் சுருங்கிப்போகும். ஐந்து கிலோ எடையைக் குறைத்தும் பார்த்தேன். இடுப்பு இளைத்தது, கழுத்தெலும்பு தெரிந்தது, கன்னம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கான காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தோலுக்கு அடியில் பரவியிருக்கும் கொழுப்பு வேறு. கன்னத்தின் ஆழத்தில், மெல்லும் தசையின் முன் விளிம்பை ஒட்டித் தனி உறைக்குள் இருக்கும் கொழுப்புத் திண்டு வேறு. 1732-இல் ஹைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை ஒரு சுரப்பி என்றே எண்ணினார். அது கொழுப்புதான் என்று 1802-இல் விளக்கிய பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் பிஷாவின் பெயரால் அதை இன்றும் பிஷா கொழுப்பு என்று சொல்கிறார்கள். உடம்பு இளைக்கும்போது மற்ற இடங்களைப் போல அது எளிதில் கரைவதில்லை.

நான் ஆலோசனைக்குப் போன இடத்தில் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினார்கள், தேதி குறித்தார்கள். என் தாயாரின் முகம் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாற்பது வயதிலேயே அவருக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது என்று சொல்லியிருப்பேன்.

அறுவை சிகிச்சை நடந்த விதம் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. மரத்துப்போகும் ஊசியைக் கன்னத்தின் உட்புறத்தில் போட்டார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். மேல் வரிசையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, உமிழ்நீர் நாளம் திறக்கும் சிறு புள்ளியைத் தவிர்த்துவிட்டு, அதற்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீறினார்கள். உதவியாளர் வெளியிலிருந்து கன்னத்தை விரலால் அழுத்த, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெதுவாக இழுபடுவதை உணர்ந்தேன். வலி இல்லை, பல்லுக்கும் காதுக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்து இழுப்பது போன்ற உணர்வு மட்டும் இருந்தது. முடிந்ததும் எஃகுத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். நல்ல மஞ்சள் நிறத்தில், ஈரம் மின்ன, கட்டைவிரல் நுனியைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு உருண்டைகள் இருந்தன. ‘எவ்வளவு வந்ததோ அவ்வளவையும் எடுத்துவிட்டோம்’ என்று மருத்துவர் சொன்னபோது அதை நல்ல செய்தியாகவே கேட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கஞ்சியும் ஆறவைத்த பருப்புத் தண்ணீரும்தான் ஆகாரம். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நாக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் அந்தத் தையலையே தேடிப் போகும். இரண்டு வாரம் முகம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு கன்ன எலும்பின் கீழே மெல்லிய நிழல் விழுந்தது. நான் ஆசைப்பட்டது அதைத்தான். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் என் முகத்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை இன்றைய வருத்தத்தை வைத்து இல்லையென்று சொல்வது நேர்மையாகாது.

31 வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூன்று கிலோ இளைத்தேன். இழந்த எடை திரும்பி வந்தது, கன்னம் வரவில்லை. வயது ஏற ஏற முகத்தின் மற்றக் கொழுப்பும் தானாகவே வற்றத் தொடங்கும் என்பதும், தாங்குவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லாதபோது குழி விழும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பக்கவாட்டில் விளக்கு இருக்கும் அறையில் உட்கார்ந்தால், வாயோரத்திலிருந்து காது நோக்கி ஒரு பள்ளம் தெரிகிறது. ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சென்ற ஆண்டு தொடையிலிருந்து கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் நிரப்பினார்கள்; அதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆனது. வலப்பக்கம் ஓரளவு தங்கியது, இடப்பக்கம் பெரும்பாலும் போய்விட்டது.

இரண்டாவது பகிர்வு

நான் செய்துகொள்ளப் போய், செய்துகொள்ளாமல் திரும்பியவன். 2022-ஆம் ஆண்டின் கடைசியில் சமூக ஊடகங்களைத் திறந்தாலே இந்தச் சிகிச்சையைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது. அந்த அலையில் நானும் முடிவெடுத்துவிட்டேன். நான் பார்த்த மருத்துவர் படம் எதையும் காட்டவில்லை. பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடைக் கோணத்தில் இரண்டு விரல்களை வைத்தார். பிறகு கையுறை அணிந்து, ஒரு விரலைக் கன்னத்தின் உள்ளேயும் கட்டைவிரலை வெளியேயும் வைத்துத் தடவிப் பார்த்தார். ‘நீங்கள் கொழுப்பு என்று நினைப்பது தசை. இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா?’ என்று கேட்டார். நான் இல்லையென்றேன், கூட வந்திருந்த என் மனைவி, அந்தச் சத்தத்தில் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றார்.

என் முகத்தின் அகலத்துக்கு மெல்லும் தசை பருத்திருப்பதே காரணம் என்றும், கொழுப்பை எடுத்தால் தாடை அப்படியே இருக்க நடுக்கன்னம் மட்டும் உள்ளே போய் முகம் இன்னும் சதுரமாகத் தெரியும் என்றும் விளக்கினார். காதின் முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலும், ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டாலும் இதே போல முகம் உருண்டுவிடும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். இரவில் பல்லுக்கு உறை போட்டுக்கொள்ளச் சொன்னார். தசையைத் தளர்த்த ஒருமுறை போட்டாக்ஸ் ஊசி போட்டார். அதன் பலன் சில மாதங்களில் குறைந்துவிடும், பிடிக்கவில்லை என்றால் மறுமுறை போடாமல் விட்டுவிடலாம். எடுத்த கொழுப்பை அப்படித் திரும்ப வைக்க முடியாது என்பதால், என்னை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய அந்த மருத்துவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது பகிர்வு

எனக்கு இது நன்றாக அமைந்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா? 38 வயதில் செய்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் அறுபது வயதானவர்களுக்கும் பூசினாற்போன்ற முகம்தான். மருத்துவர் என் தாயார், பெரியம்மா ஆகியோரின் படங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். அந்தத் திண்டு முழுவதும் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 10 மில்லி இருக்கும் என்றும், தாமாக வெளியே பிதுங்கும் பகுதியிலிருந்து இரண்டு மூன்று மில்லிக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றும், இழுத்து எடுத்தால் முக நரம்பின் கிளைக்கோ உமிழ்நீர் நாளத்துக்கோ கேடு வரலாம் என்றும் சொன்னார்.

ஆனாலும் சிரமம் இல்லாமல் போகவில்லை. இரண்டாம் நாள் இரவில் இடது கன்னம் திடீரென்று கல் போல இறுகியது; உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு தையலைப் பிரித்து வடித்தார்கள். பத்து நாள் வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. இன்று பார்ப்பவர்களுக்கு நான் ஏதோ செய்துகொண்டேன் என்றே தெரியாது. நான் விரும்பியதும் அந்த அளவுதான்.

முதலில் எழுதியவரின் மறுமொழி

மூன்றாவதாக எழுதிய சகோதரிக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் மருத்துவர் கேட்ட குடும்பப் படத்தை என்னிடம் யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று உங்கள் பகிர்வை மூன்று முறை படித்தேன்.

என் கன்னத்தில் கொழுப்பு நிரப்பிய மருத்துவர் ஒன்றைச் சொன்னார். மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது சிலருக்கு வாய்க்கும் மேல்தாடைக் காற்றறைக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடுமாம். அதை அடைக்க அறுவை மருத்துவர்கள் இதே கொழுப்பைத்தான் பக்கத்திலிருந்து இழுத்து வைத்துத் தைப்பார்களாம். உடல் அதைச் சும்மா வைத்திருக்கிறது என்று எண்ணியிருந்த எனக்கு அதைக் கேட்டதும் தொண்டை அடைத்தது.

தனிச்செய்தியில் கேட்ட 22 வயதுப் பெண்ணுக்கு: நீ அனுப்பிய படத்தில் இருப்பது 22 வயது முகம், அம்மா. முப்பதுவரை பொறுத்துப் பார். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால், எவ்வளவு எடுப்பார்கள், எவ்வளவை விட்டுவைப்பார்கள் என்று எண்ணிக்கையில் கேள். ‘வருவதை எல்லாம்’ என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடு.

இடது கன்னத்துக்கு இரண்டாம் முறை நிரப்ப அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்து, எது தங்கியது எது போனது என்று தெரிய நான்கைந்து மாதமாவது ஆகும். தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.