புதுப்பிப்பு: பிரிவு எல்லையில் மட்டும் கெட்டுப்போகும் மெஷ்

முன்பு கேட்டதன் சுருக்கம்: நான்முகி மெஷ்ஷை (கணினிக் கணக்கீட்டுக்காக ஒரு வடிவத்தைச் சிறு நான்முகிகளாகப் பிரித்த வலையை) பல பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஸ்மூத்திங் செய்தால், அதாவது நான்முகிகள் சீராகும்படி புள்ளிகளை நகர்த்தினால், உள்ளே இருக்கும் நான்முகிகள் தேறிவிடுகின்றன, பிரிவு எல்லையை ஒட்டியவை மட்டும் மோசமாகவே நிற்கின்றன. இப்போது சரியாகிவிட்டது.

எல்லைப் புள்ளிகள் இரண்டு பிராசஸர்களுக்குப் பொது என்பதால் நிரல் அவற்றை நகராமல் பூட்டி வைத்திருந்தது. பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இரு பிராசஸர்களும் ஒரே நேரத்தில் நகர்த்தினால், ஒவ்வொன்றும் மற்றதன் பழைய இடத்தை வைத்தே கணக்குப் போடும்; நான்முகி புரண்டு கனஅளவு எதிர்மறையாகிவிடலாம். அதனால் நிறமிடல்: ஒரே நான்முகியில் உள்ள புள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம். ஒரு நிறத்தை நகர்த்தி, புதிய ஆயங்களை அண்டை பிராசஸருக்கு அனுப்பி, அப்புறம் அடுத்த நிறம். தகவல் பரிமாற்றம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் சால்வர் (மெஷ்ஷின் மேல் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) சீக்கிரம் விடைக்கு ஒருங்குவதில் அது ஈடாகிவிடுகிறது.

லாப்ளாசியன் ஸ்மூத்திங்கே (புள்ளியை அதன் அண்டைப் புள்ளிகளின் சராசரி இடத்துக்கு நகர்த்துவது) போதும் என்று சொன்னவர்களுக்கு: குழிவான மூலைகளில் அது புள்ளியை வடிவத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். மிக மோசமான நான்முகியை மேம்படுத்தும் உகப்பாக்க முறைதான் எனக்கு நம்பகம்.

மிஞ்சியவை ஸ்லிவர்கள், அதாவது தட்டையாகிப்போன நான்முகிகள். நான்கு முனைகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடக்கும். விளிம்பு நீளங்கள் ஒழுங்காக இருப்பதால் நீள விகிதம் பார்த்தால் சிக்காது, இருமுகக் கோணத்தை (இரு முகங்களுக்கு இடையிலான கோணத்தை) பார்க்க வேண்டும். பல ஸ்லிவர்கள் ஸ்மூத்திங்குக்கு அசையவில்லை, விளிம்பு மாற்றம்தான் (அதே புள்ளிகளை வேறு விளிம்புகளால் இணைப்பது) வழி. பிரிவு எல்லையில் அதைச் செய்வது தலைவலி என்பதால், மெஷ்ஷை மறுபடி பிரித்து அவற்றை ஒரே பிராசஸருக்குள் கொண்டுவந்து மாற்றினேன்.