கொழுக்கட்டைப் புல் 2050இல் எங்கே வளரும்?

கணினிமேய்ப்பன்:
காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு, மூலதனமே கொழுக்கட்டைப் புல்தான். 2050 வாக்கில் அது எங்கெல்லாம் தாங்கும் என்று மேக்ஸென்ட் மென்பொருளில் கணித்துக்கொண்டிருக்கிறேன். புல் காணப்பட்ட இடங்களையும் வேர்ல்டுகிளிம் என்ற உலகத் தட்பவெப்பத் தரவின் 19 மாறிகளையும் கொடுத்தால், வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் புல்லுக்கு எவ்வளவு பொருந்தும் என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் வரும். மதிப்பெண் கூடிய இடங்களில் இப்போதே விதைக்கலாம் என்கிறேன்.

கிளுவைவேலி:
தம்பி, எனக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, ஆடு கடித்த தூரைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மழை விழுந்ததும் அதே தூரிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. பக்கத்துக் காடு டிராக்டர் இறங்கியதால் போனது. அதற்கடுத்த காட்டில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். உங்கள் 19 மாறிகளில் மனைக்கல் உண்டா?

கணினிமேய்ப்பன்:
இல்லை ஐயா. வானம் இடம் கொடுக்குமா என்பதை மட்டுமே அது சொல்லும். மனிதர்கள் விடுவார்களா என்பது வேறு கணக்கு.

செம்மண்:
மனைக்கல் இருக்கட்டும், மண்ணையாவது சேர்த்தீர்களா? தண்ணீர் தேங்கும் களிமண்ணில் இந்தப் புல் நிற்காது. மழையும் வெப்பமும் பொருந்துகின்றன என்று கரிசலுக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடும் உங்கள் மென்பொருள். இன்னொன்று, புல்லைப் பதிவு செய்கிறவர்கள் கார் போகும் இடத்தில்தான் பதிவு செய்கிறார்கள். கடைசியில் புல்லின் வரைபடம் என்ற பெயரில் சாலை வரைபடம்தான் கிடைக்கும்!

கணினிமேய்ப்பன்:
மண் பற்றிச் சொன்னது சரி, சேர்க்கிறேன். பதிவுகள் சாலையோரத்திலேயே குவியும் குறையைத் திருத்தவும் வழி இருக்கிறது. காங்கேயத்தில் புல் காணப்பட்ட புள்ளிகளை மட்டும் கொடுத்தால், இதற்கு மேல் வெப்பம் ஆகாது என்று மென்பொருள் தவறாக முடிவு கட்டும். இதே புல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வெயிலிலும் நிற்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவுக்குத் தீவனத்துக்கென்று கொண்டுபோனார்கள்; இன்று பாலைவனத்தில் பரவித் தீப்பிடித்து, சகுவாரோ கள்ளிகளையே எரிக்கிறது. அங்கே அதற்குத் தடை கடுங்குளிர். அந்தப் புள்ளிகளையும் சேர்த்தால்தான் புல்லின் முழு எல்லை தெரியும்.

செம்மண்:
அங்கேதான் சறுக்குகிறீர்கள். இந்தப் புல் பெரும்பாலும் கருக்கலப்பு இல்லாமலே விதை கட்டுகிறது. மகள் அப்படியே தாயின் அச்சு. அதனால் வட்டாரத்துக்கு வட்டாரம் வகை வேறு. ஜெய்சல்மேர் வகை தாங்குவதை வைத்துக் காங்கேயம் வகைக்கு நீங்கள் எப்படி உறுதி கொடுப்பீர்கள்? பெயர் ஒன்று என்பதற்காகப் புல்லும் ஒன்றாகிவிடாது.

கணினிமேய்ப்பன்:
அப்படியானால் வகைவாரியாகப் புள்ளிகள் வேண்டும். எங்கே போவது? யாராவது தம் காட்டைக் காட்டினால் உண்டு.

கிளுவைவேலி:
என் காட்டுக்கு வாருங்கள். உழுதுபோட்ட பக்கத்துக் காட்டையும், முன்பு புல் இருந்த இடம் என்று குறிப்பதாக இருந்தால் மட்டும். விதைப்பு என்றீர்களே, கதிரை உருவிய கையோடு தூவிவிடாதீர்கள். சில மாதம் வைத்திருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். உள்ளே வந்ததும் படலைச் சாத்திவிடுங்கள். போன முறை அளக்க வந்தவர் திறந்து போட்டதில், இருட்டும் வரை ஆடு தேடினேன்.