640 சதுர அடி வீடு: சமையலறைச் சுவரை எடுத்துவிடலாமா?

மாடிவீட்டுக்காரி | சனி இரவு 9.50
சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. 640 சதுர அடி, கட்டி 14 வருடம் ஆகிறது. ஹால் 14க்கு 10. அதன் கிழக்கே ஒட்டினாற்போல் சமையலறை, 8க்கு 7. நடுவே ஒரு சுவர், அதில் கதவில்லாத இரண்டரை அடி வாசல். சமையலறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், அதற்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன். ஹாலுக்கு மேற்கே பால்கனி. நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், 72 வயது அத்தை.

சுவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கிரானைட் மேடை போட்டால் சாப்பாட்டு மேசையும் அதுவே ஆகிவிடும், ஹாலும் பெரிதாகத் தெரியும். அழகுக்காக மட்டும் கேட்கவில்லை. சித்திரை, வைகாசியில் அந்த அறையில் இரண்டு அடுப்பும் எரியும்போது நின்றால்தான் தெரியும். ஃபேன் போட்டால் அடுப்பு அலைகிறது, போடாவிட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஹாலில் எல்லோரும் சிரிப்பது கேட்கும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. கணவருக்குச் சம்மதம். அத்தை மட்டும் "அடுப்படி நடுவீட்டுக்கு வரக் கூடாது" என்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கருவாட்டுக்குழம்பு | சனி இரவு 10.35
எடுக்காதீங்க. நான் எடுத்துட்டு நாலு வருஷமா அனுபவிக்கிறேன்.

நாங்க தூத்துக்குடிப் பக்கம். வாரத்துல மூணு நாள் மீன், ஒரு நாள் கருவாடு. முன்னாடி அடுப்படியோட நின்ன வாடை இப்ப சோபா உறை, திரைச்சீலை, ஹால்ல காயப்போட்ட யூனிஃபார்ம் எல்லாத்துலயும் ஏறிடுச்சு. பையன் "சட்டையில மீன் வாடை அடிக்குதுன்னு கிளாஸ்ல சொல்றாங்கம்மா"ன்னு வந்து நின்ன அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஹால் ஃபேன் இறக்கையில இருக்கிற தூசி முன்னெல்லாம் துணியால துடைச்சா வந்துடும். இப்ப எண்ணெய்ப் பிசுக்கோட சேர்ந்து ஒட்டிக்குது, சோப்புத் தண்ணி போட்டுத் தேய்க்கணும். ராத்திரி சிங்க்ல பாத்திரம் கிடந்தா காலையில வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல முதல்ல அதுதான் படுது. உடம்பு முடியாத நாள்ல அப்படியே போட்டுட்டுப் படுத்துக்குவேன், இப்ப அதுவும் போச்சு.

இன்னொண்ணு. அந்தச் சுவர்ல என்னென்ன இருக்குன்னு முதல்ல எண்ணிப் பாருங்க. எங்க சுவர்ல பரண், நாலு அலமாரித் தட்டு, மிக்ஸி பிளக் எல்லாம் இருந்துச்சு. சுவர் போனப்புறம் அரிசி டப்பாவுக்கு இடமில்லாம பெட்ரூம்ல வெச்சிருக்கேன்.

திறந்தவாசல் | ஞாயிறு காலை 7.15
மேலே அந்த அம்மா சொன்னது எல்லாம் உண்மை. ஆனாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கோவையில் எங்கள் வீடு 700 சதுர அடி. 2019இல் சுவரை எடுத்தோம். என் அம்மா நாற்பது வருடம் புறக்கடை அடுப்படியில் இருந்தவர். வீட்டில் நடந்த ஒரு நல்லது கெட்டதையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை, பாதிப் பேச்சில் யாராவது "காப்பி" என்பார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். என் மனைவிக்கும் அதே அறையைக் கொடுத்திருந்தேன், டைல்ஸ் மட்டும் புதிது. சுவர் போன பிறகுதான் நான் காய் நறுக்க உட்கார்ந்தேன். மேடையின் இந்தப் பக்கம் மகன் வீட்டுப்பாடம் எழுதுகிறான், அந்தப் பக்கம் சப்பாத்தி தேய்க்கிறோம்.

புகைக்கு வழி உண்டு. ஆறு இஞ்ச் டக்ட் (புகைக்குழாய்) வைத்து வெளியே தள்ளும் சிம்னி, அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில். கரி ஃபில்டர் வைத்து உள்ளேயே சுழற்றும் வகையை வாங்காதீர்கள், அது வெக்கையை அப்படியே அறைக்குள் திருப்பிவிடும். சமைக்கும் நேரத்தில் ஹால் ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபேன் ஓடினால் புகை சிம்னிக்குப் போகும் முன்பே கலைந்துவிடும்.

கருவாட்டுக்குழம்பு | ஞாயிறு காலை 8.02
அண்ணா, உங்களைச் சுவரா தடுத்துச்சு? அந்த வாசலுக்குக் கதவே இல்லை. உதவிக்கு வரணும்னு நினைச்சா இரண்டரை அடி போதும். மனசு மாறினதை எதுக்குக் கொத்தனார் கணக்குல எழுதுறீங்க?

ஏப்ரல்ல சமையல் முடியிற வரைக்கும் ஹால் ஃபேனை நிறுத்தணும்னா, அந்த அம்மா படுற வெக்கையை வீட்ல எல்லாருக்கும் பங்கு வெக்கிறீங்க, அவ்வளவுதான்.

திறந்தவாசல் | ஞாயிறு காலை 8.40
இரண்டரை அடி போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொரு வருடம் நான் அந்த வாசலைத் தாண்டவில்லை. கண்ணில் படாத வேலை எனக்கு வேலையாகவே தெரியவில்லை. அது என் தவறுதான். சுவர் அந்தத் தவறுக்கு மறைப்பாக இருந்தது.

வெக்கையைப் பங்கு வைப்பதாகச் சொன்னீர்கள். வைத்தால்தான் என்ன? ஒருவர் மட்டும் வேகுவதைவிட அது நியாயம்.

வரைபடம் | ஞாயிறு காலை 9.25
கட்டடக்கலை படிக்கிறேன். இது நூறு வருடமாக நடக்கிற வாதம். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வரைந்த சமையலறை 1.9க்கு 3.4 மீட்டர்தான். கிட்டத்தட்ட 10,000 வீடுகளில் அதை வைத்தார்கள். சமையலையும் இருப்பறையையும் பிரித்தார்கள், ஆனால் நடுவே அகலமான இழுகதவு வைத்தார்கள், வேலை செய்துகொண்டே குழந்தையைப் பார்க்கலாம் என்று. பெண்களின் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அது வந்தது. பின்னால், பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று குறை சொன்னதும் அதே சமையலறையைத்தான்.

சிங்கைவாசி | ஞாயிறு காலை 10.10
இங்கே சிங்கப்பூரில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பல தமிழ்க் குடும்பங்கள் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழுகதவு போட்டிருக்கிறோம். தாளிக்கும்போது மூடு, மற்ற நேரம் திற. வெளிச்சம் வரும், முகம் தெரியும். கீழ்த் தண்டவாளத்தில் மாவும் எண்ணெயும் சேரும் என்பது ஒன்றுதான் தொல்லை. மேலே தொங்கும் வகை நல்லது.

கட்டடக்காரன் | ஞாயிறு பகல் 12.30
சிவில் வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். அழகு, நியாயம் எல்லாவற்றுக்கும் முன்னால் சில விஷயங்களைப் பாருங்கள்.

14 வருடக் கட்டடம் என்றால் பெரும்பாலும் தூணும் பீமும் போட்டதாக இருக்கும், பாரத்தை அவைதான் தாங்கும். வாசல் ஓரத்தில் டேப் வையுங்கள். பூச்சோடு ஐந்து, ஐந்தரை இஞ்ச் என்றால் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர். அதற்கு மேல் என்றால் ஒரு பொறியாளர் வந்து பார்க்காமல் சுத்தியல் படக் கூடாது. தடுப்புச் சுவரே ஆனாலும் உள்ளே வயரிங் ஓடும். அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, சாப்பிடும் இடம் தனியாக இருந்தால் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் வேண்டும், அங்கேயே சாப்பிடுவதானால் 7.5. உங்களுடையது 56 சதுர அடி, அதாவது 5.2 சதுர மீட்டர். விளிம்பில் நிற்கிறது. அறை நெருக்குகிறது என்று நீங்கள் சொல்வது வெறும் மனக்குறை இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது காற்றைப் பற்றி. சென்னையில் கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து ஏறும். அக்னி மூலை என்று தென்கிழக்கில் அடுப்பு வைத்த வீடுகளில் அந்தக் காற்று அடுப்பைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே வரும். உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் கிழக்குச் சுவரில், வருகிற காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பால்கனி மேற்கே. சுவரை எடுத்தால் சாயங்கால நெடி ஹால் முழுக்க நடந்துதான் வெளியேறும். காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் இதற்கு நேர்மாறு, சமையலறை ஜன்னல் வழியே போய்விடும். ஆகவே யார் வீட்டில் சரிப்பட்டது, யார் வீட்டில் படவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோவைக்காரர் வீட்டுக் காற்று வேறு.

ஒரு சோதனை. அடுப்பு இருக்கும் இடத்தில் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி வையுங்கள். காலை ஏழு, மாலை நாலு, இரவு ஏழரை. ஹால் ஃபேன் ஓடும்போது ஒரு தடவை, நின்றபோது ஒரு தடவை. புகை எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். மூன்று நாள் போதும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். புது மேடைக்கு அடியில் பலகை அடித்து சிலிண்டரை மூடி வைப்பதானால் அடிப்பக்கம் காற்றுத் துவாரம் கட்டாயம்.

கடைசியாக ஒரு கேள்வி, நீங்கள் சொல்லாமல் விட்டது. ஹாலில் இரவு யார் படுக்கிறார்கள்?

நாகர்கோவில்காரி | ஞாயிறு மாலை 4.05
எங்க ஊர்ப் பக்கமும் கேரளத்திலயும் அடுக்களைக்குப் பின்னால ஒர்க் ஏரியான்னு ஒண்ணு வைப்பாங்க. மீன் கழுவுறது, வறுக்கிறது எல்லாம் அங்க. உங்க சர்வீஸ் ஏரியாவில ஒத்தை அடுப்பு வைக்க இடம் இருந்தா சுவரைத் தாராளமா எடுக்கலாம். இல்லைன்னா வேண்டாம். சாமி அலமாரி எங்க இருக்குன்னும் பார்த்துக்கோங்க. எங்க அக்கா வீட்ல சுவரை எடுத்தப்புறம் விளக்கு நிக்கவே இல்லை, காத்துல அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

மாடிவீட்டுக்காரி | ஞாயிறு இரவு 9.15
எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் ஏரியா 5க்கு 3, அதில் வாஷிங் மெஷின் நிற்கிறது. சாமி அலமாரி அந்தச் சுவரிலேயேதான்.

கட்டடக்காரன் சார் கேட்டதற்கு: அத்தை. ஹாலில் திவானில் படுக்கிறார். அதை ஏன் எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பேப்பரில் வரைந்தபோதும் திவானை வரையாமல் சோபாவைத்தான் வரைந்திருந்தேன்.

கருவாட்டுக்குழம்பு | ஞாயிறு இரவு 9.31
பாத்தீங்களா. நீங்க அஞ்சரைக்கு எழுந்து லைட் போட்டு மிக்ஸி ஓட்டினா அந்தப் பெரியவங்க தூக்கம் போச்சு. உங்களுக்கு அது ஹால், அவங்களுக்கு அது ரூம். "நடுவீட்டுக்கு வரக் கூடாது"ன்னு சொன்னதைச் சம்பிரதாயம்னு எடுத்துக்கிட்டோம், நானும்தான். அவங்க தன் இடத்தைக் கேட்டிருக்காங்க.

திறந்தவாசல் | ஞாயிறு இரவு 10.05
இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் ஹாலில் யாரும் படுப்பதில்லை. ஒன்று மட்டும் கேளுங்கள், அத்தையிடமே கேளுங்கள். பகல் முழுக்க அவர் தனியாக அந்த ஹாலில்தானே இருக்கிறார்?

மாடிவீட்டுக்காரி | வியாழன் இரவு 8.45
மூன்று நாள் ஊதுவத்தி வைத்தாயிற்று. அத்தையே திவானில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார், மகள் நோட்டில் எழுதினாள்.

காலை ஏழு மணிக்கு இரண்டு நாள் புகை ஜன்னலைப் பார்த்துப் போனது, ஒரு நாள் அங்கேயே நின்றது. மாலை நாலு மணிக்கு மூன்று நாளும் ஒரே மாதிரி. வாசல் வழியே நேராகத் திவான், அங்கிருந்து பால்கனி. எக்ஸாஸ்ட் ஓடினாலும் அப்படித்தான். ஹால் ஃபேன் ஓடியபோது வீடு முழுக்க மணத்தது. சுவர் இருக்கும்போதே இவ்வளவு.

அத்தையிடம் கேட்டேன். புகையைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. "ராத்திரி புடவையத் தளர்த்திக்கிட்டுக் கால நீட்டிப் படுக்கிற இடம்மா இது. நீ விடியக்காலையில எதிர்ல நின்னு வேலை பார்க்கையில நான் எப்படிப் படுத்துக் கிடப்பேன்?" என்றார். கொஞ்சம் கழித்து, "பகல்ல உன் முகம் தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும். வெங்காயம் உரிச்சுக் குடுப்பேன்ல" என்றார்.

சுவர் பூச்சோடு ஐந்தேகால் இஞ்ச். கீழே மூன்றரை அடியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் நாலு அடி அகலத்துக்கு மட்டும் வெட்டலாம் என்று நினைக்கிறோம். மங்கலான கண்ணாடியில் இரண்டு இழுகதவு. தாளிக்கும்போதும், இரவு பத்திலிருந்து காலை வரைக்கும் மூடியிருக்கும். வாசலுக்குக் கனமான திரை. ஹால் பக்கம் ஒரு அடிப் பலகை, அத்தை உட்கார்ந்து காய் நறுக்க, மகள் சாப்பிட. சாமி அலமாரி இருக்கும் பக்கத்தைத் தொடப்போவதில்லை.

திறந்தவாசல் | வியாழன் இரவு 9.20
அத்தைக்காக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜன்னல் வழியே தட்டை வாங்குவது வேறு, பக்கத்தில் வந்து நிற்பது வேறு. உங்கள் கணவர் அந்த இரண்டரை அடி வாசலைத் தாண்டி உள்ளே வருகிறாரா என்று ஆறு மாதம் கழித்து எழுதுங்கள்.

கருவாட்டுக்குழம்பு | வியாழன் இரவு 9.34
அதுக்கு நானும் காத்திருப்பேன். கண்ணாடிக்குக் கொக்கி உள்பக்கம் வையுங்க, உங்க கைக்கு எட்டுற உயரத்துல.

கட்டடக்காரன் | வியாழன் இரவு 10.10
நல்ல முடிவு. வெட்டும் இடத்துக்கு மேலே செங்கல் மிச்சம் இருந்தால், திறப்புக்கு இரண்டு பக்கமும் ஆறு இஞ்சாவது உட்காரும்படி லிண்டல் (மேலே உள்ள செங்கலைத் தாங்கும் குறுக்குக் கட்டை) போட்ட பிறகுதான் கீழே வெட்ட வேண்டும். எக்ஸாஸ்ட் கிழக்கே இருப்பதால் மாலைக் காற்றை எதிர்த்துத் திணறத்தான் செய்யும். தெற்குச் சுவர் வெளிச்சுவர் என்றால் அங்கே மாற்றுங்கள், சிம்னி டக்டுக்கும் அதுவே நல்ல பக்கம்.

மாடிவீட்டுக்காரி | வியாழன் இரவு 10.22
தெற்கு வெளிச்சுவர்தான் சார். ஞாயிறு கொத்தனார் வருகிறார். மிக்ஸி பிளக் வெட்டும் இடத்துக்கு நேரே நடுவில் இருக்கிறது. அதைக் கீழே மூன்றரை அடிக்குள் இறக்கலாமா, சிங்க் பக்கத்தில் இருக்கிறதே?

கட்டடக்காரன் | வியாழன் இரவு 10.31
சிங்க் பக்கம் வேண்டாம், தண்ணீர் தெறிக்கும். திறப்பின் வடக்கு ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எலக்ட்ரீஷியன் சனிக்கிழமையே வந்து அந்த லைனைக் கழற்றிவிடட்டும், அதன் பிறகு வெட்டட்டும்.