அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் குடும்பத்தினருக்கு மனு போடுதல்: எந்த மனு முதலில்?

குடியுரிமை உறுதிமொழி எடுத்தவுடன், இனி யாரையெல்லாம் அழைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி எழுவது இயல்பு. சட்டம் தரும் விடை சுருக்கமானது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர். தாத்தா பாட்டிக்கோ, சித்தப்பா மாமாவுக்கோ மனு போட வழியில்லை. பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் மனு போட, மனுதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு ஆண்டுக்கு இத்தனை விசாக்கள்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. மனுவைப் பரிசீலிக்கும் காலம் மட்டுமே காத்திருப்பு. 21 வயதைக் கடந்த அல்லது திருமணமான பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். அந்த வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்பதை வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா புல்லட்டினில் வெளியிடுகிறது.

என் கருத்தில், மிகத் தாமதமாகப் பலன் தரும் மனுவைத்தான் முதலில் போட வேண்டும். உடன்பிறந்தோர் பிரிவில் காத்திருப்பு 15 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. உறவினருக்காகப் போடும் மனுப் படிவமான ஐ-130 போய்ச் சேர்ந்த நாளே அவர்களுடைய முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் அவர்களுடைய இடத்தைத் தீர்மானிக்கும் தேதி, என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் முடிவில் கூடுதலாக ஓர் ஆண்டாக வந்து நிற்கும். 2024 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்டபடி கட்டணம் இணையவழியில் 625 டாலர், தாளில் 675 டாலர். அனுப்புமுன் நடப்புக் கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு விஷயங்களைத் தம்பியிடமோ அக்காவிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். முதலாவது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதற்குள் 21 வயது கடந்துவிடக்கூடும். மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தாலும், இவ்வளவு நீண்ட காத்திருப்பில் அது பலருக்குப் போதாது. இரண்டாவது, பின்னாளில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது தங்களுக்காகக் குடியேற்ற மனு போடப்பட்டிருப்பதை அவர்கள் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும், விசா அதிகாரியும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கிரீன் கார்டு வைத்திருந்தபோதே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே மனுவாகப் போட்டுவிட்டு, அது நிலுவையில் இருக்கும்போது குடியுரிமை பெற்றவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். குடியுரிமை கிடைத்ததும் மனைவி வரம்பில்லாத பிரிவுக்கு மாறிவிடுவார், அது நன்மைதான். ஆனால் அந்தப் பிரிவில் ஒருவருடைய மனுவில் இன்னொருவர் துணையாக வர முடியாது என்பதால், தாயின் மனுவோடு ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 போட வேண்டும். தூதரக நேர்காணல் நெருங்கும் வேளையில் இது தெரியவந்தால், தாய் மட்டும் வந்து பிள்ளைகள் ஊரில் தங்கிவிடும் நிலை உண்டாகும். ஆகவே உறுதிமொழி எடுத்த கையோடு இதைச் செய்துவிடுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்பேன். தந்தைக்கும் தாய்க்கும் தனித்தனி மனு தேவை. அவர்களோடு உங்கள் தங்கை சேர்ந்து வர முடியாது. அதைவிட முக்கியம், அவர்கள் உண்மையிலேயே இங்கே வாழ விரும்புகிறார்களா என்பது. கிரீன் கார்டு என்பது வந்துபோவதற்கான விசா அன்று. தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்விகள் எழும். ஓராண்டைத் தாண்டினால், மறுநுழைவு அனுமதி முன்கூட்டியே பெற்றிருந்தாலொழிய அட்டையே கேள்விக்குள்ளாகும். ஆண்டில் பாதியைச் சொந்த வீட்டில் கழிக்க நினைக்கும் பெற்றோருக்குச் சுற்றுலா விசாவே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் தங்கிவிடும் நோக்கத்தை மறைத்து, சுற்றுலா விசாவில் வரவழைத்து, இங்கே வந்தபின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பது தவறான தகவல் தந்த குற்றமாகக் கருதப்படும்.

மருத்துவச் செலவையும் மனு போடுமுன்பே யோசியுங்கள். இங்கே வேலை செய்து வரி கட்டாத பெற்றோர், 65 வயது நிறைந்து, நிரந்தரவாசியாக ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிறகே மாதக் கட்டணம் செலுத்தி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். அதுவரை காப்பீடு உங்கள் பொறுப்பு. மேலும், வருபவரைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவேன் என்று உறுதியளிக்கும் ஐ-864 ஆதரவு உறுதிமொழிப் படிவத்தில் நீங்கள் இடும் கையெழுத்து சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தும். குடும்ப அளவுக்கேற்ற வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதத்தைக் காட்ட வேண்டும். போதாவிட்டால் இணை ஆதரவாளர் ஒருவரைச் சேர்க்கலாம். வந்தவருக்கு 40 காலாண்டு (ஏறத்தாழ பத்தாண்டு) உழைப்புக் கணக்கு சேரும்வரை அல்லது அவர் குடியுரிமை பெறும்வரை இப்பொறுப்பு தொடரும், நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறினாலோ காலமானாலோ முடியும். வயதான பெற்றோர் வேலைக்குப் போகப்போவதில்லை என்பதால், இது நெடுங்காலப் பொறுப்பு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி ஆவணங்கள். தமிழர்களுக்குப் பெரும் தொல்லை தருவது பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் "ச. கந்தசாமி", கடவுச்சீட்டில் "கந்தசாமி சண்முகம்", உங்கள் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் வெறும் "கந்தசாமி" என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்பதை அதிகாரிக்கு நிறுவும் கடமை உங்களுடையது. எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு, ஒருவரே என உறுதிகூறும் பிரமாணப் பத்திரத்தை மனுவுடனேயே இணைத்துவிடுங்கள். பிறப்பு பதிவாகாத மூத்தவர்களுக்கு, பதிவு இல்லை என்ற சான்றிதழை உரிய அலுவலகத்தில் பெற்று, அவர்களுடைய பிறப்பை நேரில் அறிந்த இருவரின் பிரமாணப் பத்திரங்களையும் சேர்க்க வேண்டும். உடன்பிறந்தோர் மனுவுக்கு இது இன்னும் பொருந்தும்: இன்று சாட்சி சொல்லக்கூடிய பெரியப்பாவும் அத்தையும் பதினைந்து ஆண்டுகள் கழித்து இருப்பார்களா என்று சொல்ல முடியாது, ஆகவே வரிசை நகரும்வரை காத்திராமல் அந்தக் கையெழுத்துகளை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.