அதிக ஆற்றல் கொண்ட மேனுவல் கார்களில் கிளட்ச் எவ்வளவு காலம் உழைக்கிறது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு

ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு கார்களின் கிளட்ச் தட்டுகளை அண்மையில் அருகருகே வைத்துப் பார்க்க வாய்த்தது. இரண்டுமே 400 குதிரைத்திறனைத் தாண்டிய, பின்சக்கரங்களால் இயங்கும் மேனுவல் கார்கள். ஒரு தட்டு ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காருடையது. கியர்பெட்டியில் வேறு வேலைக்காகக் கழற்றியபோது வெளியே வந்தது. உராய்வுப் பொருளைத் தட்டோடு பிணைக்கும் ரிவெட்டுகளுக்கு மேல் இன்னும் அந்தப் பொருள் மிச்சம் இருந்தது. மற்றது இருபதாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடாத காருடையது. ரிவெட் தலைகள், எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலை உரசிக் கோடு போட்டிருந்தன. ஃபிளைவீல் முகம் முழுவதும் நீலமும் ஊதாவுமாக வெப்பத் தழும்புகள்.

இரண்டாவது காரின் உரிமையாளர், இவ்வளவு ஆற்றல் உள்ள காரில் கிளட்ச் இப்படித்தான் போகும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிளட்ச் முழுமையாகப் பிடித்துவிட்டால் தட்டும் ஃபிளைவீலும் ஒன்றாகவே சுழல்கின்றன. அப்போது 400 குதிரைத்திறன் என்ன, 600 கடந்து போனாலும் தட்டு தேயாது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும் அந்த ஓரிரு நொடிகளில்தான் எல்லாத் தேய்மானமும் நடக்கிறது. எனவே, கார் நின்ற இடத்திலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் 1,500 கிலோ எடை, முதல் கியரில் 1,000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 1,000 எஞ்சின் சுழற்சிகள்) மணிக்கு 9 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் எஞ்சினின் சுழற்சி வேகத்தை மாறாமல் வைத்துக் கிளட்ச்சை விட்டால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான வெப்பம் கிளட்ச்சில் இறங்கும். 1,000 ஆர்.பி.எம்.மில் கிளம்பினால் சுமார் 4.7 கிலோஜூல். 4,000 ஆர்.பி.எம்.மில் கிளம்பினால் 75 கிலோஜூல். சுழற்சி நான்கு மடங்கு, வெப்பமோ பதினாறு மடங்கு! அந்த வெப்பம் போய்ச் சேர்வது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள உராய்வுப் பரப்பில்.

இவ்வகைக் கார்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பலவற்றில் முதல் கியர் நீளமானது, அதாவது அதே எஞ்சின் சுழற்சிக்குக் கார் கூடுதல் வேகம் போகும். ஃபிளைவீல் இலகுவானது என்பதால் எஞ்சின் எளிதில் அணைந்துவிடுகிறது. அணைந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்கிறார். கிளட்ச்சைத் தின்பது அந்த அச்சம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் கார்களில் என்ன கண்டீர்கள்? எழுதுங்கள்.

மறுமொழி

கணக்கு சரி நண்பரே, ஆனால் அது சமதரைக்கு மட்டும். எங்கள் குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வரும் சரிவுப்பாதையில் நான் காண்பதைச் சொல்கிறேன். மேலே கதவு திறக்கும்வரை அக்கம்பக்கத்தார் சிலர் பிரேக்கைத் தொடாமல், கிளட்ச்சைப் பாதி விட்டு, காரை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். பார்ப்பதற்குத் திறமையாகத் தெரியும்.

உங்கள் காரையே எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் 1,200 ஆர்.பி.எம்.மில் அப்படி நிறுத்தினால், கிளட்ச்சில் சுமார் நாலரை கிலோவாட் வெப்பம் தொடர்ந்து உண்டாகும். அதாவது ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ ஒரு மென்மையான புறப்பாட்டுக்குச் சமம். கதவு திறக்கப் பத்து நொடி ஆனால் பத்து முறை கிளம்பிய தேய்மானம், கார் ஓர் அடிகூட நகராமலேயே.

ரிவர்ஸில் மேடேறுவது இதைவிடக் கொடுமை. மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காக வழி நெடுகக் கிளட்ச்சை நழுவவிட்டபடியே ஏறுவார்கள். கருகிய நெடி பெரும்பாலும் அங்கேதான் முதலில் எழும். நெடி வந்துவிட்டால் காரை நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று தொடர்பவர்கள்தான் தட்டை மாற்றுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் பிரேக்கை விடும் பழைய முறையை எந்தக் காருக்கும் நான் பரிந்துரைப்பேன்.

மறுமொழி

நான்கு சக்கர இயக்கம் கொண்ட கார் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பின்சக்கர இயக்கமுள்ள காரில் அளவுக்கு மீறி மிதித்துக் கிளட்ச்சை விட்டால் டயர்கள் வழுக்கிச் சுழலும். அங்கே டயர் தேய்கிறது, கிளட்ச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றிக்கொள்ளும் காரில் டயர் விட்டுக்கொடுக்காது. நழுவக்கூடிய ஒரே இடம் கிளட்ச்தான். சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ., மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற கார்களில் அதிவேகப் புறப்பாடு என்பது கிளட்ச்சோடு மோதிப் பார்ப்பதுதான். என் நண்பர் வட்டத்தில் இவ்வகைக் கார்களை அன்றாடம் ஓட்டுபவர்கள் பலருக்கு முதல் கிளட்ச்சே இன்னும் ஓடுகிறது. நேர்கோட்டுப் பந்தயத்துக்கு ஒரு பருவம் கொண்டுபோனவருக்கு ஓடவில்லை.

மறுமொழி

போர்ஷே கரேரா ஜி.டி. ஒன்று கிளம்புவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். 2003 முதல் 2006 வரை 1,270 கார்கள் மட்டுமே தயாரான மாடல். 5.7 லிட்டர் வி10 எஞ்சின், 612 குதிரைத்திறன். அதன் பீங்கான் கலவைக் கிளட்ச்சின் விட்டம் வெறும் 169 மி.மீ. விட்டம் சிறிதானதால்தான் எஞ்சினையும் கியர்பெட்டியையும் தரையோடு ஒட்டித் தாழ்வாக வைக்க முடிந்தது.

ஓட்டியவர் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. கிளட்ச்சை மட்டும் நிதானமாக விட்டார், தேவையான எரிபொருளை எஞ்சினின் கணினியே பார்த்துக்கொண்டது, கார் நகர்ந்தது. முழுமையாகப் பிடித்த பிறகே வலது கால் வேலை செய்தது. மற்றக் கார்களைப் போல மிதித்துக்கொண்டு விடுபவர்கள் இந்தக் காரில் திணறுவார்கள். இதைப் பார்த்த பிறகு என் சொந்தக் காரிலும் சமதரையில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளம்பப் பழகினேன். இன்றைய பெரிய எஞ்சின்கள் பெரும்பாலும் இதற்கு இடம் கொடுக்கின்றன. கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் காலுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மறுமொழி

டர்போ எஞ்சினின் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. முதல் பதிவில் நண்பர் சொன்னது போல முழுமையாகப் பிடித்த கிளட்ச் தேயாதுதான். ஆனால் அது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமே! தட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தம், உராய்வுக் கெழு, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கி வருவதுதான் அது தாங்கும் முறுக்குவிசை. அதைத் தாண்டினால் கால் மிதிக்காமலேயே கிளட்ச் நழுவும்.

தம்பியின் காரில் இதைக் கண்டுபிடித்தது நெடுஞ்சாலையில். ஆறாவது கியரில், 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுதாக மிதித்தபோது ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறியது, கார் அதற்கேற்ப வேகமெடுக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது கியர்களில் எந்தக் குறையும் தெரியவில்லை. கீழ்க் கியர்களில் டர்போ முழு அழுத்தத்தை எட்டுவதற்குள் எஞ்சின் வேகமெடுத்துவிடுகிறது, விசையில் ஒரு பங்கும் எஞ்சினையே சுழற்றச் செலவாகிறது. மேல் கியரில் முழு விசையும் நீண்ட நேரம் கிளட்ச் மேல் நிற்கிறது. தேய்ந்த கிளட்ச்சைச் சோதிக்கவும் இதே வழிதான். ஓரிரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே அதைக் கெடுத்துவிடும்.

மாற்றும்போது இரட்டைத் தட்டுக் கிளட்ச் போட்டோம். உராயும் முகங்கள் இரண்டிலிருந்து நான்காகின்றன, அதனால் பெடலைப் பாறையாக்காமலே தாங்கும் திறன் கூடுகிறது. அழுத்தத்தை மட்டும் கூட்டிய பிரஷர் பிளேட் போட்ட கார்களையும் ஓட்டியிருக்கிறேன். நெரிசலில் இடது கால் கெஞ்சும்.

மறுமொழி

சிவப்பு விளக்கில் முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடி காத்திருப்பது பற்றி யாரும் பேசவில்லையே. முழுதாக மிதித்திருந்தால் தட்டு தேயாது என்கிறார்கள். அப்படியானால் நியூட்ரலுக்கு ஏன் போக வேண்டும்?

மறுமொழி (முதல் பதிவை எழுதியவர்)

தட்டு தேயாது, உண்மை. ஆனால் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விசையை அந்த நேரம் முழுவதும், பெடலை மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் தாங்குகிறது. எஞ்சினின் முதன்மைத் தண்டு முன்பின்னாக நகராமல் தடுக்கும் பேரிங் மீதும் அதே தள்ளுவிசை விழுகிறது. ஆற்றல் மிக்க கார்களில் அந்த ஸ்பிரிங் கடினமானது என்பதால் நியூட்ரலுக்குப் போவதே நல்லது. ஓடும்போது பெடல் மேல் காலை வைத்திருப்பது இன்னும் மோசம். அந்தச் சிறு எடையே தட்டின் மேல் உள்ள பிடியைத் தளர்த்தப் போதுமானது.

மறுமொழி

பந்தயத் தடத்தில் புதியவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுக்கிறேன். தடத்தில் கிளட்ச் தேய்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் தேய்வதில்லை, ஒவ்வொரு சுற்று ஓட்டத்துக்கும் ஒரே ஒரு புறப்பாடுதான். கியர் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தட்டி எஞ்சின் சுழற்சியைச் சமன்செய்தால் கிளட்ச்சுக்கு வேலையே இல்லை. 2009 நிசான் 370இசட் இதைத் தானே செய்யும் வசதியோடு வந்தது, பின்னர் பல கார்களில் பரவியது. ஆனாலும் காலால் செய்யக் கற்றுக்கொள்வதையே நான் விரும்புவேன்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடித்தபடி, கிளட்ச்சையும் மிதித்துக்கொண்டு, சிலர் அவசரத்தில் கியரை மிகக் கீழே தள்ளிவிடுகிறார்கள். முதல் பதிவில் உள்ள காரில் 110 கி.மீ. வேகத்தில் முதல் கியர் விழுந்தால், கிளட்ச் மிதித்திருந்தாலும் தட்டை இப்போது சுழற்றுவது சக்கரங்கள்தான். அது 12,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டும். எஞ்சின் தப்பித்துவிட்டது என்று எண்ணுவார்கள், ஆனால் தட்டின் உராய்வுப் பொருள் மைய விலக்கு விசையில் பிய்ந்து சிதறலாம். கியர் உள்ளே போக மறுத்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

மறுமொழி

பழைய கார் வாங்குபவர்களுக்காக. ஓடோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நான் வாங்கும் முன் பார்ப்பவை இவை: கிளம்பும்போது கார் அதிர்கிறதா, பெடலின் பிடிப்பு மிக மேலே வந்துவிட்டதா, மேல் கியரில் நழுவுகிறதா, கிளட்ச் திரவம் கறுத்திருக்கிறதா. திரவத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிரேக் திரவமேதான். ஈரத்தை உறிஞ்சும், வெப்பத்தில் கெடும், பெடல் மெத்தென்று ஆகிவிடும். அப்போது கிளட்ச் முழுமையாக விடுபடாது, ஓட்டுநர் தட்டைக் குறை சொல்வார்.

கியர்பெட்டியைக் கீழே இறக்கியாகிவிட்டது என்றால் தட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரட்டை நிறை ஃபிளைவீல் உள்ள காரில் இரு பகுதிகளுக்கும் இடையே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். நெடுநாள் நழுவிய கிளட்ச்சின் சூடு அதன் உள் ஸ்பிரிங்குகளையும் மசகையும் கெடுத்திருக்கும். புதிய தட்டு பதிய சுமார் 800 கி.மீ. ஆகும். அதுவரை அடிக்கடி நின்று கிளம்பும் நகர ஓட்டமே அதற்கு ஏற்றது, நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய தூரம் அந்தக் கணக்கில் சேராது. முழு மிதியை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.